திதிலியாவின் ஆரஞ்சு நோட்டு

நைவாலு மருத்துவ நிலையத்தில் இருபத்துமூன்று வருஷம் நர்ஸாக இருந்த திதிலியா ஒரு நாள் காலை, அங்கேயே சமையல்காரியான என் சமையலறைக்குள் நுழைந்து, மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்த பானைக்கு அந்தப் பக்கம் நின்றபடி தன் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். படத்தில் அதேதா இருந்தாள். முழங்கால் வரை பனி, தலையில் கம்பளிக் குல்லாய், பின்னால் நியூசிலாந்து.

அதேதா எங்களிடம் மூன்று வருஷம் வேலை பார்த்த சின்ன நர்ஸ். வந்த முதல் நாளே, மீன்பிடிக்கிறவன் ஒருவனின் உள்ளங்கையில் மாட்டியிருந்த தூண்டில் முள்ளைத் திதிலியா எடுப்பதைப் பார்த்து மயங்கி விழுந்தவள். அந்த மீன்காரனே ஒரு கையால் அவளுக்கு விசிறிவிட்டான். அப்படிப்பட்டவள் இப்போது பனியில் நின்று சிரிக்கிறாள்.

"இவளுக்கு வாசிப்புல ஏழு வந்துச்சாம், மதினி," என்றாள் திதிலியா. "இவளுக்கே ஏழுன்னா எனக்கு என்ன வராது?"

நியூசிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டுமானால் தலைநகரான சுவாவுக்குப் போய் ஓர் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். கேட்பது, பேசுவது, எழுதுவது, வாசிப்பது என்று நான்கு பகுதி. வாசிப்பில் ஒன்பதுக்கு ஏழு வாங்கியே தீர வேண்டும். எங்கள் தீவிலிருந்து போன வருஷம் மட்டும் பதினொரு நர்சுகள் அந்த வழியாகப் போனார்கள். போகிறவர்கள் எல்லாம் சம்பளத்துக்காகப் போனார்கள், பிள்ளைகளின் படிப்புக்காகப் போனார்கள். திதிலியா கிளம்பியது அதேதாவின் குல்லாயைப் பார்த்து. இதை நான் அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவளும் மறுத்ததில்லை.

என் அப்பாவும் அவள் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். முறைக்காரிகள் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி வாரிவிடுவது ஊரில் எல்லோருக்கும் பழக்கம். மரியாதையாகப் பேசிக்கொண்டால்தான் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைப்பார்கள். அதனால் அவள் கதையை நான் சொல்வதில் தப்பில்லை. அவள் சொன்னால் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்வாள்.

முதல் தடவை ஒன்றும் படிக்காமல்தான் போனாள். பள்ளிக்கூடம் முழுக்க ஆங்கிலத்தில் படித்தவள், வார்டில் ஆங்கிலத்தில் எழுதுகிறவள், டாக்டரோடு ஆங்கிலத்தில் சண்டை போடுகிறவள். இன்னும் என்ன படிப்பது என்று கேட்டாள். பேசுவதில் எட்டு வந்தது. கேட்பதில் ஏழரை. எழுதுவதில் ஏழு. வாசிப்பதில் ஆறு.

பரீட்சையில் மூன்று நீளமான பகுதிகள் கொடுத்தார்களாம். ஒன்று ஐரோப்பாவில் ஏதோ காட்டுப் பூனை குறைந்துபோனதைப் பற்றி. ஒன்று கண்ணாடி ஜன்னல் செய்யும் முறை. மூன்றாவது என்ன என்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அங்கே போவதற்குள் மணி அடித்துவிட்டது. திரும்பி வந்த கையோடு சமையலறைக்கு வந்து, ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அந்தப் பூனையா வந்து ஊசி போடப்போகிறது என்று என்னிடம் கேட்டாள். நான் அந்தப் பூனையின் பக்கம் பேசினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஆரஞ்சு அட்டை போட்ட நோட்டு ஒன்றோடு வந்தாள். தன் தோல்விக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டாளாம்: வார்த்தைகள். அந்தப் பகுதிகளில் பக்கத்துக்குப் பத்து வார்த்தையாவது அவள் கண்ணால் கண்டிராதவை. ஆகவே ஒரு நாளைக்கு எட்டு வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு, அன்றைக்குக் கோவில் இருக்கிறது என்பதால். அகராதியைப் பார்த்து வார்த்தையை எழுதி, அதற்கு எங்கள் மொழியில் அர்த்தம் எழுதினாள். பதினைந்து நாள் போனது. முதல் நாளின் எட்டு வார்த்தையில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வார்டில் முப்பது நோயாளிகளின் பெயரை அவள் மறந்ததே இல்லை. முகத்தைப் பார்த்தால் பெயர் வந்துவிடும். அதேபோல வார்த்தைக்கும் ஒரு முகம் வேண்டும். அர்த்தத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் ஊரில் இருக்கும் ஓர் ஆளின் பெயரை எழுத ஆரம்பித்தாள்.

'டார்மன்ட்: உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அசையாது, எரிமலைகளுக்குச் சொல்வது. சகியூசா.' சகியூசா அவள் புருஷன். கொப்பரை லாரி ஓட்டுகிறவர். லாரியை விட்டு இறங்கினால் பாயைவிட்டு எழுந்திருக்க மாட்டார்.

'ப்ரீகேரியஸ்: எந்த நேரமும் கீழே விழக்கூடிய நிலை. நாலாவது கிண்ணம் யங்கோனா வேர்ச்சாறு குடித்தபின் ஊர்த்தலைவர் இசிமேலியின் இடுப்பு வேட்டி.'

'இன்சேஷியபிள்: எவ்வளவு கொடுத்தாலும் போதாது.' இங்கே என் பெயர். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்பங்கிழங்கு இலையை வைத்து எழுதியிருந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு, நீ தின்றதை நான் கணக்குப் பார்த்தேனா என்று கேட்டேன். அழிக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு ஆங்கில வார்த்தை எனக்கென்று இருப்பது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த வழி நன்றாகவே வேலை செய்தது. மூன்று மாதத்தில் அறுநூறு வார்த்தை அவள் வாயில் வந்துவிட்டது, வந்ததோடு நிற்கவும் இல்லை. கால் முறிந்து படுத்திருந்த ஒரு கிழவரின் அட்டையில், வலி குறைந்திருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில், ஆசாமி ஓயாமல் பேசுகிறார், சொன்னதைக் கேட்க மறுக்கிறார் என்பதை இரண்டே இரண்டு முழ நீள வார்த்தைகளில் எழுதிவைத்தாள். வாரம் ஒருமுறை வரும் இளம் டாக்டர் அதைப் பார்த்து, இது புது வியாதியா என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான்.

இரண்டாம் தடவை சுவாவுக்குப் போனபோது ஊரே வழியனுப்பியது. வாசிப்பில் ஐந்தரை வந்தது.

எங்கள் எல்லோருக்கும் இது பெரிய ஆச்சரியம். அறுநூறு வார்த்தை தெரியாதபோது ஆறு, தெரிந்தபிறகு ஐந்தரை. நடந்தது இதுதான்: பகுதிக்குள் தெரிந்த வார்த்தை ஒன்றைக் கண்டவுடன் அவளுக்குச் சந்தோஷம் வந்துவிடும். அந்த வார்த்தைக்குரிய ஆள் ஞாபகத்துக்கு வருவார். அவரைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்துச் சிரித்துக்கொள்வாள். இப்படியே முதல் பகுதியில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டு இரண்டாம் பகுதிக்குப் போவதற்குள் பாதி நேரம் போய்விட்டது.

அடுத்து நடந்ததில் என் வாய்தான் குற்றவாளி.

கோவிலின் மாதர் சங்கத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் பாய் பின்னுவோம். அன்றைக்குத் திதிலியாவுக்கு வார்டில் டியூட்டி. நோட்டை என் சமையலறையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை நான் கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். எதற்கு என்றால், சிரிக்கத்தான். பின்னிக்கொண்டே இசிமேலியின் வேட்டியைப் பற்றி வாசித்தேன். பெண்கள் ஓலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சகியூசாவை வாசித்தேன். போதகர் தனியேலாவை வாசித்தேன்: 'வெர்போஸ்: தேவைக்கு மேல் பேசுவது.' சிரிப்பு நிற்கவில்லை. அந்தச் சூட்டிலேயே அடுத்த பக்கத்தைத் திருப்பி, 'ஆஸ்டென்டேஷஸ்: பிறர் பார்க்க வேண்டும் என்றே செய்யும் பகட்டு. ஞாயிற்றுக்கிழமை போதகரம்மா' என்று வாசித்து முடித்துத் தலையை நிமிர்த்தினால், யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போதகரம்மா சலனியேதா வாசலில் நின்றிருந்தார். கையில் எங்களுக்காகக் கொண்டுவந்த தேநீர்க் கெண்டி. அதை மெதுவாகக் கீழே வைத்தார். என் கையிலிருந்த நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் தாமே ஒருமுறை வாசித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.  திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சாயங்காலம் வார்டு வாசலில் திதிலியாவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாள், கையைக் கழுவினாள், இன்னொரு முறை கழுவினாள்.

"எத்தன வாசிச்ச?"

"நாலு."

"போதகரையும் அந்தம்மாவையும் ஒரே மூச்சுலயா?"

"ஆமா, மதினி."

"உனக்கு எழுதின வார்த்தைய மாத்தணும்," என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை.

எங்களில் இப்படித் தப்பு நடந்தால், தப்புச் செய்தவர்கள் யங்கோனா வேர்க்கட்டோடு அந்த வீட்டு வாசலுக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து, முறைப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் வேர்க்கட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. பிறகு யாரும் அதைக் கிளறக் கூடாது. எங்களுக்காகப் பேச ஓர் ஆண் வேண்டும். சகியூசாவைத் தவிர வேறு ஆள் இல்லை. போகும் வழியெல்லாம், இவர் நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லையே என்று திதிலியா புலம்பினாள்.

போதகர் வீட்டு வாசலில் வேர்க்கட்டை முன்னால் வைத்து, சகியூசா கையை மூன்று முறை தட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். குலப்பெயர்களை ஒழுங்காகச் சொன்னார். எங்கள் தப்பைச் சொன்னார். மூத்தவர்கள் பேசுவதைப்போல அவ்வளவு அழகாக இருந்தது. கடைசியில், "என்னைய உறங்குற எரிமலைன்னு எழுதியிருக்கா, ஐயா. நான் அவளோட இருபது வருஷமா இருக்கேன். எரிமலையே மன்னிச்சாச்சு; நீங்களும் மன்னிக்கணும்," என்று முடித்தார்.

போதகர் தனியேலா வேர்க்கட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொன்னார். பிறகு, அதிகம் பேசுவது என்றால் என்ன, குறைவாகப் பேசுவது என்றால் என்ன, வேதாகமத்தில் எங்கெங்கே எப்படிப் பேசப்பட்டிருக்கிறது என்பதை விளக்கினார். எனக்கு இரண்டு காலும் மரத்துப்போயின. நான் அந்தப் பக்கம் திதிலியாவைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் மறுபடி ஒரு வேர்க்கட்டு தேட வேண்டியிருக்கும்.

போதகரம்மா மட்டும் ஒன்று கேட்டார்: அந்த நோட்டு. திதிலியா கொடுத்துவிட்டாள்.

விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் நோட்டில் இருக்கும் பெயர்களைப் பற்றி ஊரில் பேச்சுப் பரவி, இப்போது வேறு மாதிரிக் கோபம் கிளம்பியது. ஊர்த்தலைவர் இசிமேலி தன் வேட்டிக்கு வார்த்தை இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெயர் இல்லாதவர்கள்தான் முகத்தைத் தூக்கினார்கள். பாடகர் குழுத் தலைவி என் சமையலறைக்கே வந்து, ஆறு வருஷம் தொண்டை கிழியப் பாடவைத்திருக்கிறேன், என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடவா தோன்றவில்லை என்று கேட்டுவிட்டுப் போனார். கூட்டுறவுக் கடைக்காரர் திதிலியாவுக்கு டின் மீன் இல்லை என்று சொல்லிவிட்டார். பின்னால் அலமாரி நிறைய டின் மீன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, போதகரம்மா மருத்துவ நிலையத்துக்கு வந்தார். தலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் போடும் அந்த ஊதாத் தொப்பி, அதன் மேல் வலை, வலையின் மேல் துணிப்பூ. கக்கத்தில் நோட்டு. நேரே மருந்து மேசைக்குப் போய் உட்கார்ந்தார். நான் கஞ்சி வாளியோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அகராதியில பாத்தேன்," என்றார். "இந்த வார்த்தை எனக்கா, என் தொப்பிக்கா?"

திதிலியா யோசித்துப் பார்த்துவிட்டு, "தொப்பிக்குத்தான், போதகரம்மா. நீங்க சும்மா அதுக்குக் கீழ இருந்தீங்க," என்றாள்.

போதகரம்மாவின் உதடு ஒரு பக்கமாகப் போயிற்று. கஷ்டப்பட்டு அதைத் திரும்ப இழுத்து வைத்தார். பிறகு, நோட்டு முழுவதையும் படித்துவிட்டதாகவும், இருபத்திரண்டு இடத்தில் அர்த்தம் தப்பு என்றும், ஆள் எங்கேயும் தப்பில்லை என்றும் சொன்னார்.

எங்களில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்த விஷயம் ஒன்று உண்டு. போதகரைக் கல்யாணம் செய்வதற்கு முன் சலனியேதா ஒன்பது வருஷம் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். போதகர்களை மூன்று நான்கு வருஷத்துக்கொரு முறை ஊர் ஊராக மாற்றுவார்கள். மனைவிக்கு எங்கே வேலை நிலைக்கும்? ஐந்து ஊர்களில் தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் மிச்சம். அன்றைக்கு அவர் பழைய பரீட்சைத் தாளைக் கொடு என்று கேட்டபோது குரலே மாறியிருந்தது.

மறுநாள் முதல், டியூட்டி முடிந்ததும் ஞாயிறுப் பள்ளி அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். போதகரம்மா கேக் சுடுவதற்கு வைத்திருந்த மணியை முடுக்கி மேசையில் வைப்பார். அறுபது நிமிஷம். மணி அடித்ததும் திதிலியா வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் தாளைப் பிடுங்கிவிடுவார். இதைச் செய்வதில் அவருக்கு ஒரு தனி ஆனந்தம் இருந்தது, மன்னிப்பு எல்லாம் ஏற்றுக்கொண்டபிறகும். நான் தினமும் ஏதாவது சாக்கில் பலகாரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, தாளைத் திருத்திக்கொண்டிருந்த போதகரம்மா பேனாவை நிறுத்தினார். பகுதி பழைய காலத்துக் கடிகாரங்களைப் பற்றியது. கேள்வியில் ஒரு வாக்கியம் கொடுத்திருப்பார்கள்; அது உண்மையா, பொய்யா, அல்லது அதைப் பற்றிப் பகுதியில் சொல்லவே இல்லையா என்று மூன்றில் ஒன்றைப் போட வேண்டும்.

"கடிகாரம் செஞ்சவன் கல்யாணம் ஆனவன்ங்கிறாங்க. நீ ஏன் பொய்னு போட்ட?"

"அவன் கல்யாணத்தப் பத்தி எங்கயுமே எழுதலையே."

"எழுதலன்னா சொல்லலன்னுதானே போடணும்?"

"எங்க வார்டுல மருந்து குடுத்ததா எழுதலன்னா, குடுக்கலன்னுதான் அர்த்தம். குடுத்தேன்னு அப்புறம் சத்தியம் பண்ணினாலும் செல்லாது. இருபத்துமூணு வருஷமா அப்படித்தான்."

போதகரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முந்தைய நாட்களின் தாள்களையும் எடுத்துப் புரட்டினார். 'சொல்லவில்லை' என்று வர வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் 'பொய்' என்று போட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும். வார்த்தை தெரியாததால் போன மார்க்கைவிட, நல்ல நர்ஸாக இருந்ததால் போன மார்க்குதான் அதிகம்.

அதன்பின் இன்னொன்றும் புலப்பட்டது. திதிலியா எதையும் மருந்துச் சீட்டைப்போலத்தான் வாசிப்பாள்: ஒவ்வொரு எழுத்தாக, இரண்டு தடவை, ஒன்றையும் தாண்டாமல். ஒரு புள்ளி தவறினால் ஆள் போய்விடும் என்பது பழக்கம். இந்தப் பரீட்சைக்கோ, தெரியாத வார்த்தையை விட்டுத் தாண்டி ஓடத் தெரிய வேண்டும். தாண்டு என்று சொன்னால் அவளால் முடியவில்லை. போதகரம்மா ஒரு தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தார். பக்கத்து டவுன் சவுசவுவின் துறைக்கு வரும் பாய்மரப் படகுக்காரர்கள் விட்டுச்செல்லும் பழைய பத்திரிகைகளைச் சகியூசா லாரியில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். போதகரம்மா வரிக்கு ஒரு கடினமான வார்த்தையைக் கறுப்பால் அழித்துவிட்டு, மிச்சத்தை வைத்துப் பதில் சொல்லச் சொன்னார். அழிபட்டதெல்லாம் திதிலியா மூன்று மாதம் உயிரைக் கொடுத்துப் பிடித்துவைத்த வார்த்தைகள்.

"இத நான் படிச்சிருக்கேன், போதகரம்மா. இது எனக்குத் தெரியும்," என்று அவள் கறுப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துச் சொன்னாள்.

"தெரிஞ்ச வார்த்தையப் பாத்தா நீ உக்காந்து பேசிட்டுத்தான் எந்திரிக்கிற. நடந்து போ," என்றார் போதகரம்மா.

முதல் ஒரு மாதம் அவளுக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் சட்டியைப் போட்டு உடைத்தாள். சகியூசா பாயைச் சுருட்டிக்கொண்டு லாரியில் போய்ப் படுத்தார். பிறகு ஒரு நாள், படகு இயந்திரங்களைப் பற்றிய கடைசிப் பகுதியோடு மூன்றையும் ஐம்பத்திரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, மணியைப் பார்த்து, அது கெட்டுப்போய்விட்டது என்றாள். கெடவில்லை.

மூன்றாம் தடவை பரீட்சைக்குப் போனபோது யாரும் வழியனுப்பவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. முடிவு வந்த அன்று நாங்கள் சவுசவு பஸ் நிலையத்தில் இருந்தோம், சந்தைக்குப் போயிருந்தோம். அவள் ஃபோனைப் பார்த்தாள். பையில் போட்டுக்கொண்டாள். கடைக்குப் போய்ப் பொட்டலம் கட்டிய உருளைக்கிழங்கு ரொட்டி இரண்டு வாங்கிவந்து, படியில் உட்கார்ந்து, இரண்டையும் அவளே தின்றாள். விரலைத் துடைத்துக்கொண்டு, "ஏழரை," என்றாள். லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த சகியூசா அந்தத் துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போதகரம்மாவுக்கு ஃபோனில் சொன்னபோது, எட்டு வந்திருக்க வேண்டும் என்றாராம்.

மார்ச் மாதம் திதிலியா கிளம்பினாள். நியூசிலாந்தின் தெற்கே ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை. வரவே மாட்டேன் என்று இரண்டு மாதம் சொல்லிவந்த சகியூசா கடைசி வாரத்தில் அவளுக்கு முன்னால் பெட்டியைக் கட்டிவிட்டார். விமானத்தளத்தில் நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அது என் சொந்த விஷயம்.

இதை இங்கேயே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போதகரம்மாவின் பெயர் வெளியே பரவிவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து நர்சுகள் வந்தார்கள், இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். ஞாயிறுப் பள்ளி அறையில் ஒன்பது பேர். கேக் மணி போதாமல் இன்னொன்று வாங்கினார்கள். போதகரம்மா பத்து வயது குறைந்ததுபோல நடந்தார். ஜூன் மாதம் முடிவதற்குள் எங்கள் கரையில் மூன்று மருத்துவ நிலையங்களில் ஆள் குறைந்துவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நர்ஸ், இருபத்துநாலு வயது லூசியானா. ஒரு செவ்வாய்க்கிழமை அவளும் பரீட்சை எழுதச் சுவாவுக்குப் போயிருந்தாள்.

அன்று காலை பதினொரு மணிக்கு அலுமிதாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது பிரசவம், இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். இரண்டு நாள் மழையில் பாலத்தின் மேல் தண்ணீர். ஆஸ்பத்திரி இருக்கும் சவுசவுக்கு லாரி போகாது. மருத்துவ நிலையத்தில் இருந்தது நான், மாவுக் கையோடு. என் சத்தம் கேட்டுப் போதகரம்மா ஓடிவந்தார். நான் திதிலியாவுக்கு ஃபோன் போட்டேன். அவள் அங்கே யாரோ ஒரு கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

ஃபோனை ஜன்னல் கட்டையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டோம். திதிலியா எங்கள் கரைப் பேச்சிலேயே பேசினாள். ஒரே ஒரு பெரிய வார்த்தைகூட இல்லை. முதலில் என்னைக் கையைக் கழுவச் சொன்னாள், முழங்கை வரைக்கும். போதகரம்மாவை அலுமிதாவின் முதுகுக்குப் பின்னால் உட்காரச் சொன்னாள். தலை தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்றேன்.

"இழுக்காத, மதினி. நீ ஒண்ணும் மரவள்ளி பிடுங்கல. கைய அடியில வச்சுக்கோ. அதுவே வரும்."

வந்தது. கழுத்தைச் சுற்றி விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டேன். கொடி இருந்தது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். போதகரம்மாதான் எட்டிப் பார்த்து, இருக்கிறது என்று சொன்னார்.

"இறுக்கமா, தளர்ச்சியா?"

"தளர்ச்சி," என்றேன்.

"அப்ப விரல உள்ள விட்டு, சட்டை கழட்டுற மாதிரி தலைக்கு மேல எடுத்துவிடு. மெதுவா. அவசரமில்ல."

எடுத்தேன். அடுத்த வலியில் குழந்தை முழுவதும் என் கையில் இருந்தது, ஆண் குழந்தை, நீலமாக. துணியால் துடை, முதுகைத் தேய், இன்னும் தேய் என்றாள். தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அது இருமியது, பிறகு கத்தியது. ஃபோனில் அவள் மூச்சு விடுவது எனக்கே கேட்டது.   தாயின் நெஞ்சில் போடு, கொடியை வெட்டாதே, போர்த்திவிடு, ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார் என்று வரிசையாகச் சொன்னாள். அரைமணி நேரம் எங்களோடேயே இருந்தாள். எங்கோ அங்கே நர்ஸைக் கூப்பிடும் மணி ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில், அந்த மனுஷனின் கஞ்சி ஆறிப்போயிருக்கும், நான் போகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்து சவுசவுவிலிருந்து நர்ஸ் வந்தாள். எல்லாம் பார்த்துவிட்டு, யார் பிரசவம் பார்த்தது என்று கேட்டாள். சமையல்காரியும் போதகரம்மாவும் என்று சொன்னபோது நம்பவில்லை.

போதகரம்மா இரண்டு வாரம் வகுப்பு எடுக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். ஒரு மதியம் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, தாம் செய்வது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டார்.  கிழங்கைத் தோலுரிக்க அவரிடமும் ஒரு கத்தி கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை வகுப்பை மறுபடி ஆரம்பித்தார். ஒரே ஒரு நிபந்தனை, மாற்று நர்ஸ் வந்து சேர்ந்தபிறகுதான் யாரும் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கலாம்.

லூசியானாவுக்கு வாசிப்பில் ஆறரை வந்தது. அவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான் என் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் அன்றைக்குச் சேப்பிலையில் தேங்காய்ப்பால் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன்.